ஐபி போனில் வெளி அழைப்பு தாமதம்: டயல் பிளான் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் ஆஸ்டரிஸ்க் (அழைப்புகளை இணைக்கும் மென்பொருள்) சர்வர், நெட்வொர்க் வழியே பேசும் 40 ஐபி போன்கள். எக்ஸ்டென்ஷன் (உள் எண்) 201 முதல் 240 வரை. வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும். உள் அழைப்பு மூன்றாவது இலக்கத்திலேயே போய்விடுகிறது. வெளி எண்களின் நீளம் ஒரே மாதிரி இல்லாததால், போனின் டிஜிட் மேப்பில் (அழுத்திய எண் முடிந்ததா என்று போன் முடிவு செய்யும் விதிகள்) டைம்அவுட், அதாவது அடுத்த இலக்கத்துக்குக் காத்திருக்கும் நேரம், 5 விநாடி வைத்திருக்கிறேன். கடைசி இலக்கத்துக்குப் பிறகு ஒரே நிசப்தம். சரி, 2 விநாடியாகக் குறைத்தால், விசிட்டிங் கார்டைப் பார்த்து நிதானமாக அழுத்தும் வரவேற்பாளருக்குப் பாதி எண்ணிலேயே அழைப்பு கிளம்பிவிடுகிறது! முடிவில் ஹாஷ் (#) அழுத்தச் சொன்னால் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அவசர எண் 112. 9 இல்லாமலும், பதற்றத்தில் 9112 என்று அழுத்தினாலும், உடனே போக வேண்டும். எனக்கு இதுதான் பெரிய கவலை. இதற்கு டிஜிட் மேப், சர்வர் டயல் பிளான் (எந்த எண்ணை எங்கே அனுப்புவது என்ற விதிகள்) இரண்டிலும் விதி எழுத வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.