ஈரமணல்ல காலை வெச்சா சுத்தி ஏன் காயுது?

ஈரக்கால்:
நேத்து சாயங்காலம் பையனோட பீச்சுக்குப் போயிருந்தேன். அலை வந்து திரும்பிப் போன இடம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்ல, அதுல காலை ஊனினா பாதத்தைச் சுத்தி மணல் டக்குனு வெளுத்து காஞ்ச மாதிரி ஆகுது, காலை எடுத்தா அச்சுக்குள்ள தண்ணி நிக்குது. பையன் கேக்குறான், "ஸ்பாஞ்சை அமுக்குனா தண்ணி வெளியதானப்பா வரும், இது ஏன் உள்ள போகுது?" கணக்கு வாத்தியார் நான், முழிச்சேன். இன்னொண்ணு, அதே இடத்துல நின்னு காலை ஆட்டிக்கிட்டே இருந்தா கணுக்கால் வரைக்கும் புதையுது. அப்ப அது கெட்டியா, கூழா?

பழைய சிவில்:
பையனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்க சார். மான்செஸ்டர்ல புரொபசரா இருந்த ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1885ல எழுதினது இதைத்தான், டைலடன்சின்னு பேரு வெச்சார், நெருக்கிக் கிடக்குறதை அசைச்சா உப்புறதுன்னு அர்த்தம். படியில அரிசியைத் தட்டித் தட்டி அளந்தா இறங்கும்ல, அலை அந்த வேலையைத்தான் நாள் பூரா மணலுக்குப் பண்ணுது. அப்படி அடைஞ்சு கிடக்குற மணல் மணி நகரணும்னா பக்கத்து மணி மேல ஏறித்தான் தாண்டணும், ஏறுனா இடைவெளி பெருசாகும், மேல நின்ன தண்ணி அதுக்குள்ள இழுபட்டுப் போயிடும், அதான் வெளுக்குது. காலை எடுத்ததும் மணி அடங்கிடும், உள்ள போன தண்ணிக்கு இடம் இல்லாம மேல வந்து நிக்கும். வீட்டுலயே பாக்கலாம், கழுத்து குறுகலான பாட்டில்ல அரிசியைப் போட்டு தட்டித் தட்டி நிரப்பி, மரக்கரண்டிக் காம்பைப் பல தடவை குத்தி கடைசியா ஆழமா இறக்கித் தூக்குங்க, பாட்டிலே சேர்ந்து வரும்.

கச்_தமிழன்:
கால் ஆட்டுனா புதையறது இதுக்கு நேர் எதிர் கதைங்க. ஆட்ட ஆட்ட அடைஞ்ச மணல் லூசாயிடும், லூசா கிடக்குற மணலைக் குலுக்குனா மணிங்க நெருங்கப் பாக்கும், நடுவுல இருக்குற தண்ணி சட்டுனு வெளியேற முடியாது, அப்ப மேல இருக்குற எடையைத் தண்ணியே தாங்க ஆரம்பிச்சிடும். மணிக்கு மணி பிடிப்பு போச்சுன்னா மணலும் திரவம்தான். ஜப்பான் நீகாட்டாவுல 1964 ஜூன் 16 நிலநடுக்கத்துல கவாகிஷிச்சோ அடுக்குமாடி வீடுங்க இப்படித்தான் சாஞ்சுது, ஒண்ணு கிட்டத்தட்ட படுத்தே போச்சு, ஆனா கட்டடம் பெருசா உடையல! தரைதான் கை விட்டுது. 2001 பூகம்பத்துல குஜராத்ல எங்க கச் ரண் உப்புப் பாலைவனத்துலயும் தரையைப் பொத்துக்கிட்டு மணலும் தண்ணியும் பீச்சி அடிச்சுது.

கொத்தனார்_மகன்:
நான் தண்ணி கதையை வேற மாதிரி கத்துக்கிட்டேன், காசு கொடுத்து. மழைக்கு மறுநாள் ரெண்டு யூனிட் மணல் இறக்குனோம், லாரி விளிம்பு வரைக்கும் நிறைஞ்சுதான் வந்துச்சு, காஞ்சப்புறம் பாத்தா குவியல் இளைச்சுப் போச்சு. லேசா ஈரம் இருந்தா மணியைச் சுத்தி தண்ணிப் படலம் ஒட்டிக்கிட்டு நெருங்க விடாது, பொடி மணல்னா கால்வாசிக்கு மேலயே உப்பிடும். அதே மணலைத் தண்ணிக்குள்ள முழுசா முக்குனா பழைய அளவுக்கு இறங்கிடும், பேஸ்மட்டத்துல மணல் கொட்டித் தண்ணி ஊத்தச் சொல்லி அப்பா கத்துறது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அந்த ஈரம் மணலைப் பிடிச்சு நிறுத்தும்னு நம்பி குழிக்குள்ள மட்டும் இறங்காதீங்க. எங்க செப்டிக் டேங்க் குழி காலைல சுவர் மாதிரி செங்குத்தா நின்னுச்சு, மத்தியானம் வெயில்ல காஞ்சு சாப்பிடப் போன நேரத்துல ஒரு பக்கம் பூரா சரிஞ்சு கிடந்துது. நல்லவேளை உள்ள யாரும் இல்ல. இப்பல்லாம் சவுக்குக் கட்டையும் பலகையும் முட்டுக் கொடுக்காம ஆளை இறக்குறதில்ல.

பழைய சிவில்:
கரெக்ட் தம்பி, காஞ்ச மணல் முப்பது முப்பத்தஞ்சு டிகிரி சரிவுக்கு மேல நிக்காது.

ஈரக்கால்:
எல்லாருக்கும் நன்றி. அரிசி பாட்டில் முதல் தடவை வரல, காம்பு வெண்ணெய்ல இறங்குன மாதிரி உருவிக்கிட்டு வந்துடுச்சு, பையன் வாங்கி அவனே நூறு தடவை தட்டுனான், ரெண்டாவது தடவை தூக்கிட்டான். இப்ப பாட்டில்லேர்ந்து காம்பை எப்படி வெளிய எடுக்குறதுன்னு யாராச்சும் சொல்லுங்க, வீட்டம்மா கரண்டியைத் தேடுறாங்க.