முதல் கேமரா: காம்பாக்டா, டிஎஸ்எல்ஆரா? சேலம், ஏற்காட்டில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டை:
இதுவரை மொபைல்தான். இப்போது தனியாக ஒரு கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் கேட்டால் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா) எடுங்க சார் என்கிறார்கள். என் மச்சான், காம்பாக்ட் (லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும் சின்ன வகை) போதும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்கிறார். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போவோம், மலர்க் கண்காட்சி பார்ப்போம். மற்றபடி வீட்டு விசேஷம், மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சி, அவ்வளவுதான். மெகாபிக்சல் கணக்கெல்லாம் யூடியூபில் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. நம் ஊரில் எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும்.

கன்னங்குறிச்சி:
எனக்கு வீட்டை விட்டு இறங்கினால் மூக்கனேரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரியபோது, அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுத் திட்டாகப் போட்டு மரம் வைத்தார்கள். அந்தத் திட்டுகளில்தான் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. கரையிலிருந்து நல்ல தூரம்.

அதற்காகவே கேனான் எஸ்எக்ஸ்70 வாங்கினேன். 65 மடங்கு ஜூம். முழுக்க நீட்டினால் 1365 மி.மீ. லென்ஸ் போட்ட மாதிரி இழுக்கும். பெயருக்குத்தான் காம்பாக்ட் வகை. சட்டைப் பையில் போகாது, சுமார் 600 கிராம் இருக்கும். ஆள் பார்க்க டிஎஸ்எல்ஆர் மாதிரி, உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மட்டும் சுண்டு விரல் நகம்.

வெயில் ஏறிய பிறகு, மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தை இதில் எடுத்தால் கண்ணின் பச்சை நிறம் வரை வந்துவிடும். ஆனால் பறவை சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையில். அந்த நேரத்தில் முழு ஜூமில் வைத்தால் லென்ஸின் துவாரம் எஃப் 6.5க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது, கூடினால் சிறிது). வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 1600, 3200 என்று தானாக ஏறும். அப்புறம் இறகில் ஒரு கோடும் தெரியாது, மாவு பூசின மாதிரி வழவழவென்று இருக்கும். பறக்கும்போது எடுப்பது இன்னும் கஷ்டம். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டித் திரைதான். தொடர்ச்சியாகப் படம் தட்டும்போது காட்சி விட்டு விட்டு வரும், அதற்குள் மடையான் கொக்கு ஃபிரேமை விட்டுப் போயிருக்கும்.

பிறகு வாங்கியது கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆர், கூடவே 55-250 லென்ஸ். இதில் கண்ணாடி வழியாக நேராகவே பார்க்கிறோம், அதனால் காட்சி பின்தங்குவதில்லை. சென்சார் பரப்பளவு அதைவிடக் கிட்டத்தட்ட 12 மடங்கு. விடியற்காலைப் படங்கள் உருப்படியாக வர ஆரம்பித்தது இதற்கு அப்புறம்தான். ஆனால் 250 என்பது இந்தச் சென்சாரில் 400 மி.மீ. அளவுதான். தூரத்துத் திட்டில் உட்கார்ந்திருப்பது என்னவோ புள்ளிதான். அதற்கு இன்றும் எஸ்எக்ஸ்70ஐத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

என் கருத்து இது, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டிஎஸ்எல்ஆருடன் வரும் 18-55 கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவர் டிஎஸ்எல்ஆரே வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது லென்ஸுக்குப் பணம் ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
எங்களுக்குக் கொலுசுத் தொழில். வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பத்தான் கேமரா. இங்கே கதை தலைகீழ்.

டிஎஸ்எல்ஆரில் கிட்டப் போய் எடுத்தால் முன்னால் இருக்கும் முத்து பளிச்சென்று இருக்கும். பின்னால் சங்கிலி, கொக்கி எல்லாம் மங்கிவிடும். கல்யாணப் படத்தில் பின்னணி மங்கினால் அழகு என்பார்கள். வியாபாரிக்கு அது ஆகாது. கொக்கி எப்படி இருக்கிறது, திருகாணி வைத்ததா என்று அவர் பார்க்க வேண்டும். மங்காமல் இருக்க எஃப் 11, எஃப் 16 என்று துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் இருட்டு. இருட்டுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினால் கை ஆடும், அதற்கு ட்ரைபாட். ஒரு ஜோடிக்கு இவ்வளவு வேலை.

காம்பாக்டில் சென்சார் சின்னது என்பதே இங்கே லாபம். முன்னும் பின்னும் ஒன்றாகத் தெளிவாக விழுந்துவிடுகிறது. மேக்ரோவில் (மிகக் கிட்டத்தில் எடுக்கும் மோடு) 1 செ.மீ. வரை போகலாம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அவ்வளவு கிட்டப் போகாதீர்கள். கேமராவின் நிழலே கொலுசின் மேல் விழும், வளையமும் கோணலாகத் தெரியும். ஒரு ஜாண் தள்ளி வைத்து லேசாக ஜூம் செய்தால் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கு வெளிச்சம்தான் எல்லாம். மஞ்சள் பல்பில் எடுத்தால் வெள்ளி, கவரிங் மாதிரி வரும். நாங்கள் டியூப்லைட்டுக்குக் கீழே பட்டர் பேப்பரை விரித்துக் கட்டிவிட்டு, அடியில் வெள்ளை சார்ட் வைத்து, ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அமைப்பு) அந்த சார்ட்டிலேயே பிடித்துக்கொள்கிறோம். எடுக்கிற பையன் வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேண்டும். சிவப்புச் சட்டை போட்டு வந்தால் ஒவ்வொரு முத்திலும் அவன் தெரிவான்.

டிஎஸ்எல்ஆர் ஒன்று பட்டறையில் இருக்கிறது. பண்டிகை கேட்லாக் போடும்போது மட்டும் வெளியே வரும்.

ஃபேர்லேண்ட்ஸ்:
நான் கல்லூரி மாணவன். கையில் இருப்பது பழைய நிக்கான் கூல்பிக்ஸ், அப்பாவுடையது. ஏற்காட்டில் லேடிஸ் சீட் காட்சிமுனையில் இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியுமே, அதை ஆட்டோவில் எடுத்தால் வெறும் கறுப்பும் புள்ளியும்தான். ஃபிளாஷ் அடித்தால் முன்னால் இருக்கும் புதர் மட்டும் வெள்ளையாக வரும்.

இதில் ஷட்டர் நேரத்தை நாமாக வைக்க வழியில்லை. ஆனால் சீன் மோடில் வாணவேடிக்கை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஷட்டர் தானாக 4 விநாடி திறந்திருக்கும், ஃபோகஸும் தூரத்துக்குப் போய் நின்றுவிடும். கேமராவைக் கட்டைச் சுவரில் அசையாமல் வைத்து, பட்டனை மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, எந்த லென்ஸ் தம்பி என்றார்.

ஏற்காடு:
எஸ்டேட் பக்கம் குடியிருக்கிறேன். பனிமூட்டம் பார்க்கத்தான் எல்லோரும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறீர்கள். அந்தப் பனிமூட்டம்தான் கேமராவுக்கு வில்லன்.

ஒரு மாலை, காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் காட்டெருமை ஒன்று நின்றது. நல்ல தூரம்தான், நாங்களும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வந்திருந்த உறவுக்காரப் பையன் காம்பாக்டை நீட்டினான். பனியில் பிடிப்பதற்கு ஒரு விளிம்பு இல்லாததால் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. டிஎஸ்எல்ஆரிலும் ஆட்டோ ஃபோகஸ் அதே மாதிரிதான் திணறியது. ஆனால் லென்ஸில் உள்ள ஸ்விட்சை மேனுவலுக்குத் தள்ளிவிட்டு, வளையத்தைக் கையால் திருப்பி நிறுத்த முடிந்தது. படம் கிடைத்தது, கொம்பு வரை தெரிகிறது. கிட் லென்ஸோடு நிறுத்துபவருக்கு டிஎஸ்எல்ஆர் வேண்டாம் என்று கன்னங்குறிச்சிக்காரர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு அந்த வளையம் ஒன்றே போதும். கிட் லென்ஸிலும் அது இருக்கிறது.

பனியை ஆட்டோவில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். கேமராவுக்கு வெள்ளை என்று தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பிளஸ் 1 ஏற்றுங்கள். இந்த வசதி பல காம்பாக்டிலும் உண்டு, மெனுவில் தேட வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீர்த்துளி ஒவ்வொன்றும் வெள்ளை வட்டமாகப் படம் முழுக்க மிதக்கும்.

சரி, டிஎஸ்எல்ஆரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கேமராவைப் பையோடு பீரோவில் வைத்தால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் வரும். சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து கிளை விட்டுக்கொண்டு போகும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. லென்ஸ் இரண்டு என்றால் கவலையும் இரண்டு. காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் சூடு காட்டி மறுபடி போடுங்கள். பனிக்குள் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். குளிரிலிருந்து சேலத்துக்கு இறங்கியதும் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும்.

காம்பாக்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நீண்டு உள்ளே போகும் மூக்கு வழியாகத் தூசி புகுந்து சென்சாரில் உட்கார்ந்துவிட்டால், திறந்து துடைக்க முடியாது. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

ஐந்து ரோடு:
பட்ஜெட் இடித்தால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் பாருங்கள். பலர் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டதால் நல்ல பாடிகள் (லென்ஸ் நீங்கலான கேமரா) வெளியே வருகின்றன. லென்ஸுக்குள் டார்ச் அடித்து, ஏற்காட்டு அண்ணா சொன்ன சிலந்தி நூல் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 வைத்து வானத்தைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி புள்ளியாகத் தெரியும். ஷட்டர் இதுவரை எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.

நிக்கான் என்றால் ஒரு எச்சரிக்கை. டி3500, டி5600 போன்றவற்றின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ் மாட்டும், படமும் விழும், ஆனால் ஃபோகஸ் நாம்தான் திருப்ப வேண்டும். மாமா வீட்டு பீரோவில் லென்ஸ் இருக்கிறது என்று நம்பி பாடி எடுப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டை:
எல்லோருக்கும் நன்றி. மலர்க் கண்காட்சி பகலில்தானே, அதற்கு எதுவும் போதும் போலிருக்கிறது. எனக்குச் சிக்கல் பரதநாட்டியம்தான். அரங்கத்தில் லைட் கம்மி, அவளும் ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

கன்னங்குறிச்சி:
அப்படியென்றால் டிஎஸ்எல்ஆர், கூட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கிட் லென்ஸ் 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், இது அதைப் போல ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் விடும். அங்கே 1/30 விநாடி கிடைக்கும் இடத்தில் இங்கே 1/250 வைக்கலாம், கை முத்திரை அலையாது. ஜூம் கிடையாது. முன் வரிசையில் உட்காருங்கள்.

அம்மாப்பேட்டை:
சரி, செகண்ட் ஹேண்ட் பாடி, 50 லென்ஸ், இப்படிப் பார்க்கிறேன். மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணா, அந்த டிஎஸ்எல்ஆரை ஒரு நாள் கொடுத்தால், வாங்குவதற்கு முன் மகளின் ஒத்திகையில் எடுத்துப் பார்த்துவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை:
தாராளமாக. ஆனால் அதில் கிட் லென்ஸ்தான் இருக்கிறது. 50ஐக் கன்னங்குறிச்சிக்காரரிடம் கேளுங்கள், அவருடையதும் கேனான்தான். ஆடி வந்துவிட்டால் கேட்லாக் வேலை இருக்கிறது, அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.