கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம்: வீடு கொடுத்தோமா, ஊரைவிட்டு அனுப்பினோமா?

சிந்தாதிரிப்பேட்டை மணி:
கூவம், அடையாறு ஆற்றங்கரைக் குடிசைக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் ஒரே மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய தவறு. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேல் வீடுகள். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு என்று இருந்ததை இங்கே அடுக்குமாடியாகக் கட்டியிருக்கிறோம்.

வேளச்சேரி செந்தில்:
2015 டிசம்பர் மறந்துவிட்டதா? ஆற்றுப் புறம்போக்கில் மறுபடியும் குடிசை போட விட்டால் அடுத்த வெள்ளத்துக்கு யார் பொறுப்பு? இப்போது கான்கிரீட் வீடு, கரண்ட், தனிக் கழிப்பறை இருக்கிறது. நகருக்குள் அத்தனை பேருக்கும் இடம் எங்கே?

சிந்தாதிரிப்பேட்டை மணி:
வெள்ளத்துக்குப் பயந்து கூட்டிப்போன இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. செம்மஞ்சேரியில் மழைக்குத் தண்ணீர் நிற்பது ஊரறிந்த விஷயம். ஆற்றோரப் பெரிய கட்டடங்களை யாரும் பெயர்த்து எடுக்கவில்லையே.

என் சின்னம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தார். பத்து நிமிட நடை. இப்போது பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி. லிஃப்ட் நின்றால் குடத்தை இடுப்பில் வைத்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறுகிறார். ஆறு மணிக்கு வாசல் தெளிக்க ஆள் வேண்டும் என்ற இரண்டு வீடுகள் கைவிட்டுப் போயின.

வேளச்சேரி செந்தில்:
2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே?

சிந்தாதிரிப்பேட்டை மணி:
காசு மிச்சம்தான், சரி. போக வர மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் இருந்த இடத்திலேயே புதுக் குடியிருப்பு எழும்பியதே. மனமிருந்தால் நகருக்குள் இடமும் கிடைக்கும்.

பெரும்பாக்கம் கலா:
நான் இங்கேதான் இருக்கிறேன். திரும்பக் கூவம் கரைக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் கதவு போட்ட கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆனால் மணி அண்ணன் சொல்கிற வலியும் நிஜம். என் பையன் வேலைக்குப் போன இடத்தில் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரும்பாக்கமா? அப்புறம் கூப்பிடுகிறோம்" என்றார்கள். இப்போது பழைய வீட்டு அட்ரஸைத்தான் எழுதிக் கொடுக்கிறான்.

வேளச்சேரி செந்தில்:
இது எனக்குத் தெரியாது அக்கா. ஆற்றோரம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்தது சரி என்று இனி சொல்லமாட்டேன்.