பொருள்: ‘மொழிபெயர்ப்பு ஆய்வு’ வேண்டாமே, வேறு சொல் தாருங்கள்

நோய்க்குறியியல், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி பற்றிய கையேட்டின் வரைவில் ‘டிரான்ஸ்லேஷனல் ரிசர்ச்’ என்பது ‘மொழிபெயர்ப்பு ஆய்வு’ ஆகியிருக்கிறது. தமிழ்த்துறை வேலை என்றுதான் வாசகர் நினைப்பார். ‘கடத்தல் ஆய்வு’ என்றால் போலீஸ் வந்துவிடும். ‘நடவாய்வு’ எப்படி? நாற்றங்காலில் வளர்ந்ததை வயலில் நடுவது போல, ஆய்வகத்தில் கண்டதை வார்டுக்குக் கொண்டுபோவதுதானே இது.

நரம்பு அறுவை:

> நடவாய்வு எப்படி?

ஓசை நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் நட்ட நாற்று நாற்றங்காலுக்குத் திரும்பாது. இங்கே பாதிச் சங்கதி திரும்பி வருவதில்தான் இருக்கிறது. 2005இல் வந்த முடிவையே பாருங்கள். 30 தவணையில் 60 கிரே (கதிர்வீச்சின் அளவலகு) கதிர்வீச்சு, கூடவே தினமும் உடல்பரப்புச் சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலோமைடு என்ற புற்றுமருந்து, பிறகு அதே மருந்து மாதச் சுற்றுகளாக. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மருந்தும் சேர்ந்தபோது 14.6. அதே நோயாளிகளின் திசு ஆய்வகத்துக்குப் போன பிறகுதான், எம்ஜிஎம்டி மரபணுவின் முகப்பில் (அதை இயக்கும் ‘புரொமோட்டர்’ பகுதி) மெத்தில் என்ற வேதித்தொகுதி ஏறியவர்களுக்கு மருந்து கூடுதலாகப் பலித்தது தெளிவானது. மருந்து கெடுத்த டிஎன்ஏவைச் செப்பனிடும் புரதத்தை அந்த மரபணுதான் தருகிறது; மெத்தில் அதை அடக்கிவிடுவதால் அவர்கள் கட்டியில் அது குறைவு. வார்டு ஆய்வகத்துக்குச் சொன்ன பாடம் இது. என் வாக்கு ‘பயனாக்க ஆய்வு’க்கு.

நோய்க்குறியியல்:

சரி, நடவை விட்டுவிடுகிறேன். ஆனால் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கான அந்தத் திரும்புவழி கெடுவது ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான். கையேட்டில் அதற்கு ஒரு பக்கமாவது வேண்டும். கட்டியின் நடுவே எடுத்த துண்டு பெரும்பாலும் செத்த திசு. எம்ஆர்ஐயில் மருந்தேற்றிப் பளிச்சிடும் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும், காட்டரி (திசுவைச் சுடும் மின்கருவி) படுமுன். மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று திரவ நைட்ரஜனில், ஒன்று உயிரணு வளர்க்கக் குளிர்ந்த வளர்ப்பு ஊடகத்தில், ஒன்று திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் ஊடுருவும், முழுக்கட்டியாகப் போட்டால் உள்ளே அழுகும். சனிக்கிழமை போட்டதைச் செவ்வாய் எடுத்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். மெத்தில் சோதனைக்கான பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள் அதை இன்னும் நொறுக்கும். ‘முடிவு இல்லை’ என்றே அறிக்கை வரும். சித்திரைத் திருவிழா நெரிசலில் கோரிப்பாளையம் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். ஐஸ் பெட்டி இல்லாமல் அனுப்பினால் வளர்ப்புக்கான துண்டு வீண்.

கலைச்சொல் தொகுப்பு:

‘பயனாக்க ஆய்வு’ என்று மட்டும் போட்டால் ‘பயன்பாட்டு ஆய்வு’டன் குழம்பும். ‘மருத்துவப் பயனாக்க ஆய்வு’ என்று முதல் வரவில் முழுதாகவும், பிறகு சுருக்கியும் எழுதலாம். திரும்புவழிக்கு ‘மீள் பயனாக்கம்’ வேண்டாம், பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது போல ஒலிக்கிறது.

நரம்பு அறுவை:

அதற்கு ‘நோயாளிவழி ஆய்வு’ போதும். நர்சிங் மாணவிக்கும் புரியும்.

நோய்க்குறியியல்:

இரண்டும் சம்மதம். ஆனால் ‘புரொமோட்டர்’ என்பதற்கு ‘தொடக்கி’ என்று வரைவில் இருப்பதை ‘மரபணு முகப்பு’ என்று மாற்றிவிடுங்கள். படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.