லோரென்ஸ் மாதிரி ஆர்=20-இல் அடங்க மறுக்கிறது, உதவுங்கள்

வணக்கம். கீழே சூடாகி மேலே குளிரும் காற்றடுக்கு எப்படிச் சுழலும் என்று எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் எழுதிய மூன்று சமன்பாடுகளைப் பைத்தானில் ஓட்டிப் பார்க்கிறேன். அவற்றில் மூன்று மாறிலிகள்: சிக்மா (பாய்மத்தின் தன்மை), பி (சுழலின் வடிவம்), ஆர் (சூடாக்கும் வலிமை). சிக்மா 10, பி 8/3 என்று வைத்தால், ஆர் 1-க்கும் சுமார் 24.74-க்கும் இடையில் இருக்கும்வரை இரண்டு சீரான சுழற்சி நிலைகளும் நிலையானவை, அதைத் தாண்டினால்தான் நிலை குலையும். கையால் போட்ட கணக்கிலும் அதுவே வருகிறது.

ஆனால் ஆர்=20 வைத்து, அந்தச் சீரான நிலைகளில் ஒன்றைக் குறிக்கும் நிலைப்புள்ளிக்குப் பக்கத்திலேயே (7.2, 7.1, 19) தொடங்கினால், தீர்வு வரையும் சுருள் உள்ளே அடங்காமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் விரிந்துகொண்டே போகிறது! இரண்டு நாள் குறியீட்டில் தப்பு தேடினேன். அப்புறம் நேர இடைவெளியை 0.01-இலிருந்து 0.001 ஆக்கியதும் அழகாக அடங்கிவிட்டது. நான் பயன்படுத்தியது சாதாரண ஆய்லர் முறை (இப்போதைய மாறும் வேகத்தை வைத்தே ஒவ்வொரு இடைவெளியையும் நேர்கோட்டில் தாண்டுவது), மெதுவாகத் தணியும் அலைவை அதுவே ஊதிப் பெருக்குகிறது என்று நினைக்கிறேன்.

சரி, இங்கே விடை முன்பே தெரிந்ததால் பிடித்துவிட்டேன். விடை தெரியாத பெரிய மாதிரியில், குலைவது காற்றோட்டமா கணக்கு முறையா என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்? இடைவெளியைப் பாதியாக்கிப் பார்த்தால் போதுமா, அல்லது நேராக, இன்னும் துல்லியமான நான்காம் படி ரூங்கே-குட்டா முறைக்குப் போவதா? முக்கியமாக ஆர் 24.06-க்கும் 24.74-க்கும் நடுவே, தொடங்கும் இடத்தைப் பொறுத்து அடங்கவும் செய்யும், ஒழுங்கின்றி அலையவும் செய்யும் என்பதால் அங்கே எதை நம்புவது என்றே புரியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், குறியீட்டைப் பின்னூட்டத்தில் போடுகிறேன்.