மாடி பூட்டிக் கிடக்கு, வாடகைக்கு வீடு இல்ல: கட்டட விதியை மாத்தணுமா?

வேப்பமூடு வாசி:
நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் எங்க சொந்தக்கார வீடு. அஞ்சு சென்டில ரெண்டு நிலை. பிள்ளைங்க ரெண்டும் வெளிநாடு. அம்மை மட்டும் கீழே பட்டாசாலையில, அதான் ஹால்ல, கட்டில் போட்டுக் கிடக்கா. முட்டுவலி, மாடி ஏற முடியாது. மேல மூணு ரூமும் பூட்டு. வாடகைக்கு விடலாம்னா படி வீட்டுக்குள்ள. நம்ம ஜில்லாவில இது மாதிரி எத்தனை வீடு! இனி கட்டுத வீட்டுக்கு வெளிப்படி, மேல அடுக்களைக்குக் குழாய், கீழே வீல்சேர் நுழையுத கக்கூஸ், மூணும் கட்டாயம்னு விதி வரணும்.

சைட் எஞ்சினியர்:
எதுக்கெடுத்தாலும் கட்டாயமா அண்ணாச்சி? 2019 கட்டட விதியில ரெண்டு வீடா பிளான் போடத் தடையே இல்ல. வீட்டுக்காரங்கதான் சினிமாவில வாற மாதிரி ஹாலுக்குள்ள படி கேக்காவ. 2024 ஜூலையில சுயசான்று, அதாவது பிளான் விதிப்படிதான்னு நாமளே உறுதி சொல்லுத முறை வந்து, 2,500 சதுர அடி வரைக்குமுள்ள மனையில 3,500 சதுர அடி வரைக்கும் கட்ட ஆன்லைன்லயே அனுமதி. அதிலயும் புதுசா நிபந்தனை சொருகினா பழையபடி ஆபீஸ் ஆபீஸா அலையணும். கட்டின வீட்டை ரெண்டாக்க இடையில சுவர் வச்சாப் போதுமா? அஞ்சு பேருக்குக் கணக்குப் போட்ட செப்டிக் டேங்க் பத்து பேருக்குத் தாங்குமா?

வடசேரி டீச்சர்:
ரெண்டு பேரும் வீட்டுக்காரங்க கணக்கையே பேசுதீங்க. தனியா இருக்க எனக்கு ஒரு ரூம், ஒரு அடுக்களை, கக்கூஸ் போதும். கிடைக்கது மூணு பெட்ரூம், இல்லேன்னா லேடீஸ் ஹாஸ்டல். 2016 தேசியக் கட்டட நெறிப்படி அறைக்கு 9.5 சதுர மீட்டர், அடுக்களைக்கு 5, குளியலறையோட சேர்ந்த கக்கூஸுக்கு 2.8. கூட்டிப் பாருங்க, 190 சதுர அடிக்குள்ள வருது. அப்படி யாரு கட்டித் தாறாங்க? எங்க பாட்டி கோட்டார்ல வளவில இருந்தாங்க. நடுவில கிணறு, சுத்தி எட்டு வீடு. அதில மூணு பேர் தனிக்கட்டை.

சைட் எஞ்சினியர்:
எட்டு வீட்டுக்கு ஒரே கக்கூஸ், அதைச் சொல்லலியே டீச்சர்.

வடசேரி டீச்சர்:
முற்றமும் கிணறும் பொதுவா இருக்கட்டும், கக்கூஸ் தனியா வேணும். அதைத்தானே கேக்கேன்.

கருங்கல்காரன், தோஹா:
நான் மாடியைப் பூட்டி வச்சிருக்க ஆளுதான். படியெல்லாம் சாக்கு, உள்ளது பயம். வாறவன் காலி பண்ணலேன்னா நான் இங்கேருந்து என்ன செய்ய? 2017 வாடகைச் சட்டத்தில எழுத்து ஒப்பந்தம், பதிவு எல்லாம் உண்டு. ஆனா ஒப்பந்தத்தில வேற மாதிரி எழுதலேன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. டைல்ஸை உடைச்சிட்டுப் போனா அது காணுமா? ஒண்ணு சொல்லுதேன், தனிக்கதவு இருந்தா டீச்சரைப் போல ஒருத்தருக்கு விடுவேன். வாடகை பெருசில்ல. ராத்திரி அப்பாவுக்கு முடியாமப் போனா கூப்பிட ஆள் வேணும்.

வடசேரி டீச்சர்:
உங்க அப்பாவைப் பாத்துக்கிடுதது வாடகை ஒப்பந்தத்தில வருமா? வரும்னா வாடகையைக் குறையுங்க.

சைட் எஞ்சினியர்:
தோஹா அண்ணன், பக்கத்து மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில எத்தனை அடி?

கருங்கல்காரன், தோஹா:
மூணேமுக்கால்.

சைட் எஞ்சினியர்:
அதில படி இறக்கினா பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போடுவான். கார் ஷெட் பக்கமா இறக்க முடியுதான்னு பாக்கேன், பிளானை அனுப்புங்க. ஷெட் தூண் தாங்கலேன்னா செலவு லட்சத்தில போவும்.

வேப்பமூடு வாசி:
கட்டும்போதே வச்சிருந்தா இந்த லட்சம் எதுக்குவே? அதனாலதான் கட்டாயம்ங்கேன்.