மானிட்டரில் 92: குறைமாதக் குழந்தையின் ஆக்சிஜன் அளவு குறித்த எங்கள் அனுபவம்

எங்கள் மகள் 27ஆவது வாரத்திலேயே, 980 கிராம் எடையுடன் பிறந்தாள். முதல் சில நாட்கள் நான் அவள் முகத்தைவிட மானிட்டரைப் பார்த்ததே அதிகம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92, 93 விழுக்காடு என்றே நின்று, 100ஐத் தொடாமலே இருந்ததைப் பெருங்குறையாக எண்ணி, மூன்றாம் நாள் இரவு, "ஆக்சிஜனைக் கூட்டி வையுங்கள், சிஸ்டர்" என்று செவிலியரிடம் கடுமையாகவே பேசிவிட்டேன். "91 முதல் 95 வரை இருந்தால் போதும், சார். அதற்கு மேலே போனாலும் அலாரம் அடிக்கும்" என்றார் அவர்.

மறுநாள் மருத்துவர் உட்கார்ந்து விளக்கினார். 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் பார்வையை இழந்தார்கள். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953-54இல் நடத்திய ஆய்வுதான், மிகுதியான ஆக்சிஜனே விழித்திரையைக் கெடுத்தது என்பதை உறுதிப்படுத்தியது. அதன் பிறகு அச்சத்தில் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது, மூச்சுத்திணறலால் இறந்த குழந்தைகள் கூடினார்கள். எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு, 1,316 குழந்தைகளைச் சேர்த்து 2010இல் வெளியான ஆய்வு ஓரளவு விடை தந்தது: 85-89 என்ற அளவில் வைக்கப்பட்டவர்களில் கடுமையான விழித்திரைப் பாதிப்பு குறைவு, ஆனால் இறப்பு 19.9 விழுக்காடு, 91-95இல் வைக்கப்பட்டவர்களில் இறப்பு 16.2 விழுக்காடு. கண்ணுக்கு வரும் பாதிப்பை உரிய காலத்தில் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கலாம் என்பதால்தான் எங்கள் மகளுக்கும் அந்த எண்.

அந்த எண்ணுக்குப் பின்னால் 1,316 குழந்தைகளும் அவர்களின் குடும்பங்களும் இருந்தார்கள் என்பது என்னை உலுக்கியது. அந்த ஆய்வின் ஒப்புதல் படிவங்களில் இடர்கள் போதிய அளவு சொல்லப்படவில்லை என்று 2013இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகமே குறை கூறியதையும் பின்னர் படித்தேன். எனவே, பாலின் அளவை நாள்தோறும் எவ்வளவு கூட்டலாம் என்பதை ஒப்பிடும் ஓர் ஆய்வில் மகளைச் சேர்க்கலாமா என்று எங்களிடம் கேட்டபோது, இரண்டு பிரிவுகளிலும் என்ன கெடுதல் நேரலாம் என்பதைத்தான் நானும் மனைவியும் முதலில் கேட்டோம். தெளிவான பதில் கிடைத்தது. ஒரு நாள் யோசித்துக் கையெழுத்திட்டோம்.

*

நான் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் செவிலியர். எங்கள் பழக்கத்தையே ஓர் ஆய்வு மாற்றியதைச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோடாவில் தொடங்கியது என்றாலும், குழந்தையின் நிலை சீரான பிறகே தாயின் மார்பில் வைக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அதுவரை கண்ணாடிக்கு வெளியே நின்று அழுத தாய்மார்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐந்து நாடுகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே மார்போடு அணைக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12.0 விழுக்காடு, மற்றவர்களில் 15.7 விழுக்காடு. இப்போது நான் முதலில் தேடுவது தாய்க்கான சாய்வு நாற்காலியைத்தான்.